காற்றைக் கழற்றிய பரீட்சை

வாருங்கள். திருகோணமலை இறங்குதுறையில் படகேறி மூதூருக்குப் போகிறவர்களே, பிள்ளைகளை அந்தப் படகில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்களே, ஒரு கணம் நின்று இந்தப் பயிற்சிக்கூடத்தின் அறிவித்தல் பலகையைப் பாருங்கள். அதில் பதினொரு படகோட்டிகளின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'சித்தியடையவில்லை' என்று, தேறவில்லை என்று, அச்சிட்டிருக்கிறது. அவர்களில் இளையவர் பத்தொன்பது வருடம் கடலில் இருந்தவர். மூத்தவர் முப்பத்தொரு வருடம் இருந்தவர். இது தேர்வு அல்ல, அநியாயம். இதற்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

அந்தப் பலகைக்கு முன்னால் நஜ்முன் நிஸா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். பொருட்கள் வாங்கக் கொழும்புக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியவள், பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள். மூதூரில் பிறந்து மின்னணுவியல் படித்த பொறியியலாளர். பயணிகள் படகை ஓட்ட, பழையவர்களும் புதியவர்களும் தேறியாக வேண்டிய அந்தப் பரீட்சையை வைத்த இயந்திரம் அவள் செய்தது. தாளின் அடியில், 'இயந்திரம் சரியாக இயங்குகிறது என உறுதிப்படுத்துகிறேன்' என்ற வரிக்குக் கீழே இருந்ததும் அவளுடைய கையெழுத்துத்தான். பதினொரு பேரின் கழுத்தில் கயிறு மாட்டிய கை தன்னுடையது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

எப்படிப்பட்ட இயந்திரம் அது? கண்ணாடியிழைப் படகொன்றைக் குறுக்கே வெட்டி, அதன் பின்பாதியை இரும்புச் சட்டத்தில் ஏற்றியிருந்தாள். கீழே மூன்று மோட்டர்கள் அதை அலைபோலத் தூக்கித் தாழ்த்தும். முன்னால் மூன்று திரைகளில் கொட்டியார விரிகுடா தெரியும். சுக்கானைத் திருப்பினால் அது கடலில் போலவே கையை எதிர்த்துத் தள்ளும். பழைய அச்சு இயந்திரங்களின் மோட்டர்களைப் பிரித்து அவள் அந்த எதிர்ப்பைக் கொண்டுவந்தாள். பரீட்சையில் கடினமான கட்டம் மழை. திரை மூன்றும் வெள்ளையாகிவிடும். கரை தெரியாது, வானம் தெரியாது. எட்டு நிமிடம் படகின் மூக்கை அலைக்கு நேரே பிடித்திருக்க வேண்டும். பிசகினால் படகு கவிழ்ந்ததாகச் சிவப்பு விளக்கு எரியும்.

முதல் வெள்ளோட்டத்தில் அனுபவசாலிகள் எல்லோரும் மழைக்குள் கவிழ்ந்தார்கள். நிஸாவுக்கு விளங்கவில்லை. நிலாவெளியைச் சேர்ந்த படகோட்டி மைக்கல்தான் விளக்கினார். மழைக்குள் அவர் திரையைப் பார்க்கவேயில்லை, தலையைச் சற்றுக் குனிந்து எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, மழைக்குள்ள கண்ணால படகோட்ட ஏலாது. காத்து பிடரியில எங்க விழுகுது எண்டு பாத்துத்தான் ஓட்டுறது. உங்கட கடலில காத்தே இல்லையே. செத்த கடல்."

பட்டம் பெற்ற எவரும் சொல்லித்தராத பாடம் அது. ஏட்டுச் சுரைக்காயைக் கறிக்கு நறுக்கிக்கொண்டிருந்தோமே என்று வெட்கப்பட்டாள். வெட்கத்தோடு நிற்காமல் வேலையில் இறங்கினாள். ஆறு மேசை மின்விசிறிகளைப் படகைச் சுற்றி நிறுத்தினாள். சுக்கான் திரும்புவதற்கேற்ப எந்த விசிறி எவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்று தீர்மானிக்கும் மின்சுற்றொன்றை ஒன்பது மாதம் பாடுபட்டு உருவாக்கினாள். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் அந்த அறைக்குள் வந்தன. மைக்கல் உட்கார்ந்தார், மழை வந்தது, எட்டு நிமிடம் படகு ஆணியடித்தாற்போல நின்றது. இறங்கும்போது, இனி இந்த மெசினுக்கும் கடலில் இறங்க லைசன் கொடுக்கலாம் என்று சிரித்தார்.

அந்தக் காற்றைத்தான் கழற்றினார்கள்.

திறப்புவிழா அன்று மேடையில் விருந்தினருக்கு வியர்த்ததாம். பணிப்பாளர் சோமசேகரத்தின் உத்தரவில் ஆறு விசிறிகளும் மேடைக்குப் போயின. விழா முடிந்து அவை விருந்தினர் மண்டபத்திலேயே நின்றுவிட்டன. பரீட்சை அறை இப்போதுதான் துப்புரவாகத் தெரிகிறது என்றும் பணிப்பாளர் சொன்னாராம். அத்தோடு நின்றாரா? படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று விருந்தினருக்குப் புரியவில்லை என்பதற்காக, பயிற்றுநர் மட்டும் பார்க்கும் பச்சை அம்புக்குறியை நடுத்திரையில் ஏற்றிவைத்தார். மறுநாள் பரீட்சை தொடங்கியது. விசிறிகளை எவரும் திருப்பி வைக்கவில்லை. அம்பை எவரும் அணைக்கவில்லை. திறப்புவிழா அன்று காலையிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு நிஸா பஸ் ஏறியிருந்தாள்.

அம்பைப் பார்த்து ஓட்டிய நாற்பத்துமூன்று பேர் தேறினார்கள். அவர்களில் பலர் பயணிகள் படகின் சுக்கானை ஒருநாளும் தொட்டவர்கள் அல்லர். திரையைப் பார்க்காமல் காற்றுக்காகக் காத்திருந்த பதினொரு பேரும் கவிழ்ந்தார்கள். எந்தப் படகிலாவது பச்சை அம்பு இருக்கிறதா? கொட்டியாரக் கடலின் நடுவில் மழை இறங்கும்போது வானத்தில் அம்பு தோன்றுமா?

நிஸா பணிப்பாளரின் அறைக்குள் போனாள். சோமசேகரம் கெட்டவர் போலப் பேசும் மனிதரல்லர். கதிரையைக் காட்டினார், தேத்தண்ணீர் வரவழைத்தார். அவள் நடந்ததை ஒழுங்காக எடுத்துச் சொல்லி, மறுபரீட்சை கேட்டாள். அறிக்கை கொழும்புக்குப் போய்விட்டது, அமைச்சிலிருந்து பாராட்டும் வந்துவிட்டது என்றார்.

"ஃபான் இல்லாமல் நாப்பத்திமூண்டு பேர் பாஸ் பண்ணியிருக்கினம், மிஸ். ஏலாதவைக்குத்தான் காத்து வேணும்."

"அவை அம்பைப் பாத்துப் பாஸ் பண்ணினவை, சேர்."

"மெசின் சரியெண்டு கையெழுத்து வைச்சது நீங்கள். இப்ப பிழையெண்டால் நாப்பத்திமூண்டும் விழும். உங்கட தம்பியும் அதுக்குள்ளதான். யோசியுங்கோ. நிரந்தர நியமனத்துக்கு உங்கட பேரைத்தான் எழுதியிருக்கிறன்."

தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. நிஸா அதைத் தொடவில்லை. கோபம் வந்தால் குரல் உயரும் என்பார்கள். அவளுக்கோ குரல் அடங்கியது. நாளை காலை எட்டு மணிக்கு இயந்திரத்தைப் பரிசோதிக்கப் போவதாகவும், பராமரிப்புக்காக அறைகளின் திறப்புச் சாவிகள் தன்னிடம் இருப்பதாகவும், விரும்பினால் அவரும் வரலாம் என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று வீட்டில் தம்பி சஜீத் புதிய அனுமதிப்பத்திரத்தை அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தான். இருபத்துநான்கு வயது, கரையோர மீன் வாடியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன், அடுத்த வாரம் முதல் நாற்பது பயணிகளை ஏற்றப் போகிறவன். அதைக் கிழி என்று அவள் சொல்லவில்லை. நாளைக்கு ஒருதரம் அம்பு இல்லாமல் ஓட்டிக் காட்டு என்று மட்டும் கேட்டாள். அதிலென்ன என்று சிரித்தான்.

காலையில் நிஸா விருந்தினர் மண்டபத்துக் கதவைத் திறந்து, ஆறு விசிறிகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்துவந்து பழைய இடங்களில் நிறுத்தினாள். பதினொரு பேரில் ஒருவரான மைக்கல் உதவ வந்தார். நீங்கள் பரீட்சார்த்தி, கைவைத்தால் நாளைக்குக் கதை கட்டுவார்கள் என்று அவரை வாசலில் நிறுத்தினாள். அம்பை அணைத்தாள். சரியாக எட்டு மணிக்கு சோமசேகரமும் வந்தார்.

முதலில் சஜீத் ஏறினான். மழை வந்தது. காற்று அவன் பிடரியில் வீசியது, இடக்காதுக்கு மாறியது, அவனுக்கு அது வெறும் காற்று. திரையில் அம்பைத் தேடினான். ஒன்றரை நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு முறை கேட்டான். அதற்கும் அதே விளக்கு.

பிறகு மைக்கல் ஏறினார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். திரை வெளுத்ததும் கண்களை மூடினார். நான்காம் நிமிடத்தில் நிஸா யாரிடமும் சொல்லாமல் காற்றின் திசையைத் திருப்பினாள். அவருடைய கை அதற்கு முன்னரே புறப்பட்டுவிட்டது போலச் சுக்கானை நகர்த்தியது. எட்டு நிமிடம் முடிந்து திரை தெளிந்தபோது மூதூர் இறங்குதுறை நேர் எதிரே நின்றது.

பணிப்பாளர் நின்று பார்த்தார், முழுவதையும் பார்த்தார். பார்க்கவில்லை என்று அவர் இனி எந்தச் சபையிலும் சொல்ல முடியாது. அதிகாரமில்லாத பரிசோதனை, பதிவில் ஏறாது என்று சொல்லி, சுவரில் இருந்த பெரிய மின் ஆளியை அவரே கீழே இழுத்தார். விசிறிகள் ஓய்ந்தன.

படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்ற சஜீத்துக்கு முகம் இருண்டிருந்தது. நாற்பது பேர் ஏறிய படகைத்தான் அவன் அந்தச் சிவப்பு விளக்கில் கண்டிருப்பான்.

"நான் படகு ஓட்டல்ல, ராத்தா. அம்புக்குப் பின்னால போனன், அவ்வளவுதான்."

அவன் சொன்னது அக்காவிடம், திரும்பிப் பார்த்தது பணிப்பாளரை. அன்று மதியமே தன் அனுமதிப்பத்திரத்தைக் கடிதத்தோடு அலுவலகத்தில் ஒப்படைத்தான். நிஸா தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்று மூன்று பிரதிகள் எழுதினாள். ஒன்று பணிப்பாளருக்கு, ஒன்று கொழும்புக்கு, ஒன்று இறங்குதுறைச் சுவருக்கு. மாலைக்குள் பரீட்சை அறைக்குப் புதுப்பூட்டு வந்தது. நிஸாவின் ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததாக ஒரு வரிக் கடிதமும் வந்தது. வீடு திரும்பும் வழியில் சந்தையில் ஒருத்தி, எங்கட பொடியனின் லைசனுக்கும் உலை வைத்துவிட்டாயே என்று அவளை மறித்து ஏசினாள். நிஸா நின்று கேட்டாள். பிறகு, அந்தப் பொடியன் ஓட்டும் படகில் நீங்கள் மழைக்குள் ஏறுவீர்களா என்று திருப்பிக் கேட்டாள். ஏசியவள் வழியை விட்டு விலகினாள்.

வரும் பதினான்காம் திகதி காலை பத்து மணிக்குப் பயிற்சிக்கூடத்தின் சபை கூடுகிறது. பதினொரு பேரின் அனுமதியை நிரந்தரமாக நீக்கும் தாள் அன்று மேசைக்கு வரும். ஐந்து கைகள் உயர்ந்தால் முடிந்தது. சபையின் அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட அந்தக் கடலில் படகோட்டியதில்லை.

படகேறுகிற நீங்கள் அறிவீர்கள். ஆகவே வீட்டில் இருந்து பெருமூச்சு விடாதீர்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் சம்பூரிலிருந்தும் புறப்பட்டு வாருங்கள். பள்ளிவாசலில் சொல்லுங்கள், கோயிலில் சொல்லுங்கள், தேவாலயத்தில் சொல்லுங்கள். சபை அறையின் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பூட்டை உடைக்க வேண்டாம், திறக்க வையுங்கள். ஐம்பத்துநான்கு பேருக்கும் முறையான மறுபரீட்சை என்று எழுத்தில் வாங்குங்கள். என் பிள்ளையை ஏற்றிப் போகிறவன் எதைப் பார்த்துத் தேறினான் என்று அந்த மேசையின் முன்னால் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.