பஞ்சலிங்கத்துக்குக் கொடுத்த பேதி

என் தம்பி பஞ்சலிங்கம் கொழும்பு யூனிவேர்சிற்றிக் கொலீச்சில் மூன்று வருஷம் படித்து என்னத்தைக் கண்டான் என்று கேட்டால், பகலில் படுக்கவும் இரவில் விழிக்கவும் பழகினான் என்றுதான் சொல்வேன். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, இரத்தினபுரிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த றப்பர்த் தோட்டத்துக்கு வந்தான். என் புருஷன் அங்கே பெரிய கிளாக்கர்.

தம்பிக்கு அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் சரிவந்திருந்தது. இரத்தினபுரியில் அரசாங்க டாக்குத்தர் உடம்பை நிறுத்துப் பார்த்து, நல்ல சுகம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. எங்களைப் பெத்த அப்பு செத்த பிறகு ஊரில் அம்மாவும் தங்கச்சியும் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். இவன் என்னடாவென்றால் எலும்பும் தோலுமாக வந்து இறங்குகிறான்!

விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துப் போன ஆட்கள் றப்பர்ப் பால் வெட்டி முடித்து, வாளியும் கையுமாகத் திரும்பும் நேரத்தில்தான் தம்பித் துரை எழும்புவார். பல்லுக்கூட விளக்காமல் ஒரு சிகரெட். அதன்மேல் சாயத்தண்ணி, பால் விடாத வெறும் தேத்தண்ணி. சோற்றைக் கண்டால் முகத்தைச் சுளிப்பான்.

"ஹொஸ்டலிலை எல்லாரும் இப்பிடித்தான் அக்கா. பேக்கரிப் பணிசும் தேத்தண்ணியும் இருந்தால் விடிய விடியப் படிக்கலாம்."

"படிச்சது காணும். இப்ப தின்னு!"

"பசிக்கேல்லை."

எனக்குத் தெரியாமல் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் சமையற்காரி மூக்காயி. பிடித்துக் கேட்டேன். "படிக்கிற புள்ள கெஞ்சுதுங்கம்மா, எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் பிராணனை வாங்கினார்கள்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு லீவு விட்டால் முதல் வேலை பேதிக்குக் கொடுப்பது. வயிறு சுத்தமானால் பசி தானாக வரும் என்பார்கள். கொழும்பு அழுக்கெல்லாம் போய்த் தொலையட்டும் என்று, வளர்ந்த ஆம்பிளையின் மூக்கைப் பிடித்து ஆமணக்கெண்ணெயை ஊற்றிவிட்டேன். வயிற்றில் ஏதும் இருந்தால்தானே போவதற்கு? பொழுதுபடுவதற்குள் ஆள் சுருண்டு விழுந்துவிட்டான். அடுத்த நாள் டாக்குத்தரிடம் போக வேண்டும்!

வேலை முடிந்து கந்தோரால் வந்த இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ரை தம்பியை நாளைக்கு நிறுக்கப் போறாங்களோ, எரிக்கப் போறாங்களோ?" என்றார். இந்த மனுஷன் வாயில் ஒரு நல்ல வார்த்தை வருமா!

காலையில் பஸ்ஸில் ஏறியதிலிருந்து வாழைப்பழத்தை உரித்து உரித்து அவன் வாயில் திணித்தேன். நிறை காணாவிட்டால் என்ன செய்வது? பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் "அனே, பவ்!" என்றாள். அவன்மேல் பரிதாபப்பட்டாளா, என்மேலா என்று தெரியவில்லை.

நிறை மட்டுமட்டாகச் சரிவந்தது. நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடி நல்லூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். திறந்த கதவு வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. டாக்குத்தர் அவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று விசாரித்தார்.

"ஒரு ரின்."

ஒரு ரின் என்றால் ஐம்பது. என்னிடம் இரண்டு மூன்று என்று சத்தியம் பண்ணினவன்!

டாக்குத்தர் பேனாவை மூடினார். "நெஞ்சு சரியில்லை. நான் எழுதித் தரமாட்டன். கொழும்புக்குப் போய்ப் எக்ஸ்றே படம் பிடிச்சுப் பாருங்கோ."

அவன் வெளியே வந்ததும் ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, கன நாளாய் ஹொஸ்டல் படி ஏறேலாமல் கிடந்தது. இருமினால் சில நேரம் ரத்தமும் வருது."

அவனைப் பிடித்து வாங்கில் இருத்தினேன்.

"ஏன்ரா பாவி, எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஏசுவீங்கள்."

ஏசினேன்தான். பஸ் வரும்வரை, சனம் பார்க்கப் பார்க்க, அழுது அழுது ஏசினேன். "உத்தியோகமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், நீ உயிரோடை இருந்தால் காணுமடா!" என்றேன். அதையும் அதே குரலில்தான் சொன்னேன். எனக்கு வேறு குரல் வரவில்லை.