ஆடினால்தான் சம்பளம்

கால்பந்து கிளப் தலைவருக்கு மைக் கிடைத்தால் வாய் சும்மா இருக்காது. போன மாதம் அதிசயமாக ஒரு ஆட்டம் ஜெயித்த சந்தோஷத்தில், "அடுத்த சீசன்ல புயல் நமக்காக ஆடுவார்" என்று கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

புயல் என்று பேரெடுத்த அந்த ஆட்டக்காரருக்கு முப்பத்தேழு வயது. ஒரு காலத்தில் அவர் காலில் ஒட்டிய பந்தை நான்கு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியாது. இப்போது பெஞ்சில் உட்காருவதுதான் அதிகம். சம்பளம் மட்டும் இறங்கவில்லை.

கிளப்பின் கணக்கைப் பார்ப்பவள் தலைவரின் மருமகள். புயலோடு பேசியிருந்த ஒப்பந்தப்படி, ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவருக்கு இரண்டு வருடம் முழுச் சம்பளம். அதற்காக மைதானத்தையே வங்கியில் அடகு வைக்க வேண்டும். டிக்கெட்டும் ஜெர்சியும் விற்று மீட்டுவிடலாம் என்றார் மாமனார். புயலின் முழங்கால் ஒருமுறை மக்கர் செய்தால் மைதானம் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. நாம்தான் தப்பாகப் போட்டோமோ என்று கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். விடை மாறவில்லை.

"மாமா, இது யானையைக் கட்டித் தீனி போடுற கதை."

"யானை வந்தா வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும்ல? நீ டைப் பண்ணும்மா."

ஒப்பந்தத்தை டைப் செய்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றினாள்.

கையெழுத்து நாளன்று புயல், உடை மாற்றும் அறைக்கு மேலிருந்த அலுவலகத்துக்குக் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி வந்தார். உட்கார்ந்ததும் வலது காலை மேஜைக்கடியில் நீட்டிக்கொண்டார். தாள்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஆடுற மேட்ச்சுக்கு மட்டும்தான் சம்பளம்னு இருக்கே?"

மாமனார் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். டைப்பிங் தப்பு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"நான்தான் சார் மாத்தினேன். மாமாவுக்குத் தெரியாது. நீங்க விழுந்தா எங்க மைதானமும் சேர்ந்து விழும்."

புயல் தாள்களை மேஜையில் வைத்தார். பிறகு சிரித்தார். "எந்த கிளப்லயும் இதைக் கேட்கலம்மா. கேட்டிருந்தா நான் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பேன். காலையில கட்டில்ல இருந்து இறங்கவே கால் யோசிக்குது. முழுச் சம்பளம்னு போட்ட தாளா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போட்டிருப்பேன், அதையும் சொல்லிடறேன்." பேனாவை மூடி வைத்தார்.

"ஜனங்ககிட்ட சொல்லிட்டேனே சார்" என்றார் மாமனார். குரலில் கோபம் இல்லை.

"நான் மாட்டேன்னுட்டேன்னு சொல்லுங்க. எனக்குக் கெட்ட பேர் ஒண்ணும் புதுசு இல்ல."

புயலின் கார் வாசலைத் தாண்டும்வரை மாமனார் ஜன்னலோரம் நின்றார். பிறகு சட்டையின் மேல் பித்தானைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். கீழே மைதானத்தில் யாரோ புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு மாசமா சோறு இறங்கலம்மா. வாயை விட்டுட்டு எப்படிப் பின்வாங்கறதுன்னு தெரியல. நீ முன்னாடியே தடுத்திருக்கக் கூடாதா?"

"சொன்னேனே மாமா. யானைன்னுகூடச் சொன்னேன்."

"கொஞ்சம் அதட்டிச் சொல்லியிருக்கலாம்" என்றார் மாமனார். காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.