ஊதுபத்தி ஊரில் ஒரு தூக்கம்

ஓசூரில் வண்டிகளுக்கு வயரிங் செய்யும் கம்பெனி ஒன்று, புது மெஷின் பழகிவரச் சிலரை வியட்நாமுக்கு அனுப்பியது. மாதேஸ்வரியும் அதில் ஒருத்தி. ஹனோய்க்கு வந்த நாள் முதல் ஷிப்ட், அது முடிந்தால் அறை. அறையிலும் தூக்கம் இல்லை. பாகலூர் ரோட்டு வீட்டிலிருந்து புருஷன் தமிழரசன் போன் செய்துகொண்டே இருப்பான். மோட்டார் சுவிட்ச் எது, சின்னவளுக்கு எந்த மருந்து, ரேஷன் கார்டு எங்கே.

ஞாயிற்றுக்கிழமை பழைய கிராமங்களையும் கைத்தொழில் ஊர்களையும் சுற்றிக்காட்ட பஸ் வந்தது. படுத்தே கிடக்கலாம் என்றிருந்தவளை, உடன் வேலை செய்யும் ரூபா விடவில்லை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு ரூம்லயே கெடந்தா, ஊர்ல போயி என்னாக்கா சொல்லுவ?"

காலையில் செம்பாறைக் கல்லால் கட்டிய பழைய கிராமம். வழிகாட்டிப் பெண் லான் ஒவ்வொரு சந்திலும் நின்று ஏதோ சொன்னாள். மாதேஸ்வரிக்குக் கால்தான் வலித்தது. கோயில் முற்றத்தில் எல்லாரும் படம் எடுத்தபோது அவள் போனில் இருந்தாள். "டிபன் பாக்ஸ் மூடியா? சிங்க்குக்குக் கீழ பாருங்க."

மதியம் ஊதுபத்தி செய்யும் ஊர். சாயம் தோய்த்த மூங்கில் குச்சிக் கட்டுகளைச் செக்கச்செவேலென்று தெருவோரம் முழுக்க விரித்துக் காயவைத்திருந்தார்கள். மற்றவர்கள் அதன் நடுவே படம் எடுக்கப் போக, வெயில் தாங்காத மாதேஸ்வரி பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். அங்கே நடுவயதுப் பெண் ஒருத்தி மூங்கில் பிளந்துகொண்டிருந்தாள். மாதேஸ்வரியின் முகத்தைப் பார்த்தவள், ஒன்றும் கேட்காமல் பாயை விரித்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சற்று உட்காரலாம் என்று உட்கார்ந்த மாதேஸ்வரி அப்படியே சாய்ந்துவிட்டாள்.

யாரோ தோளை உலுக்கினார்கள். அழாத குறையாக ரூபா நின்றாள். பின்னால் லான்.

"எங்கெல்லாம் தேடறது அக்கா! அண்ணன் எனக்குப் போன் பண்ணிக் கத்துறாரு. உன் போன யாரோ ஒரு பொம்பள எடுத்து என்னமோ பாஷைல பேசுறாளாம். உன்னப் புடிச்சி வெச்சிருக்காங்கன்னே நெனச்சிட்டாரு."

மாதேஸ்வரி பதறி எழுந்தாள். போன் அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது. லான் விசாரித்தாள். அந்தப் பெண் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்ல, லான் சிரித்துக்கொண்டே ரூபாவிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"'தூங்கறா, அப்புறம் கூப்புடு'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்களாம். அண்ணனுக்குத்தான் புரியலயாம்," என்றாள் ரூபா.

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தூக்கத்துக்காக இன்னொருத்தர் பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். அந்தப் பெண்ணின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு வந்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் அவளே தமிழரசனைக் கூப்பிட்டாள்.

"உயிரே போயிடுச்சி எனக்கு. என்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. தூங்கிட்டேன்."

"பட்டப்பகல்லயா? ஒடம்புக்கு முடியலயா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. எனக்கு முடியல, அவ்ளோதான். எதுக்குக் கூப்புட்டீங்க?"

"இட்லி மாவு எங்கன்னு கேக்கலாம்னு."

"தேடுங்க. கெடைக்கும்."

மாலையில் மண்பாண்ட ஊர் வந்தது. சக்கரத்தில் உட்கார்ந்து நாமே குவளை செய்து பார்க்கலாம் என்று எல்லாரும் இறங்கினார்கள். மாதேஸ்வரி வரவில்லை என்று தலையாட்டிவிட்டு, காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்தாள். போன் வரவில்லை. வராததும் ஒரு கவலையாகத்தான் இருந்தது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் தூங்கிப்போனாள்.