ஏழாவது படியும் நான்கு விரல்களும்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. முதல் வகுப்புப் படிக்கும் என் மகளின் ஆசிரியை என்னை அழைத்துக் கேட்டார்:

"பாப்பாவுக்குக் காது நல்லா கேக்குதுங்களா சார்? எது கேட்டாலும் கொஞ்ச நேரம் சும்மா நிக்குறா. கையைப் பின்னால வச்சு விரலை வேற மடக்குறா. அப்புறம்தான் பதில் வருது."

காது நன்றாகவே கேட்கிறது. அந்த விரல்களுக்குப் பொறுப்பு நான்.

2

முதலில் கதையை மனைவியிடமிருந்து தொடங்கிப் பார்த்தேன். 'கடலுக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில், காற்றில் கூந்தல் அலைய ஒரு பெண்—'

அடித்துவிட்டேன். அந்தப் படிக்கட்டை நான் பார்த்ததில்லை. வேலை நேரத்தில் அவள் கூந்தலை அலையவிடுபவளும் இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவள் பிரசவம் பார்க்கும் செவிலி. ஓராண்டுத் தொண்டுப் பணிக்காக வெளிநாடு போயிருக்கிறாள். அங்கே மருத்துவமனைத் தொட்டியின் ஏழாவது படியில் மட்டும் சிக்னல் கிடைக்கும். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அதில் ஏறி நின்று கூப்பிடுவாள். குரல் வந்து சேர நான்கு நொடி ஆகும். முதல் மாதம் முழுக்க மூன்று பேரும் ஒன்றாகப் பேசி, ஒன்றாக நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பதிலேயே நேரம் போனது. அதனால் ஒரு விதி போட்டேன்: ஒருவர் முடித்ததும் மற்றவர் நான்கு விரல் மடக்கிவிட்டுத்தான் பேச வேண்டும்.

(விதி எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன் நான். நாள் முழுக்கப் பேச வேண்டியதில்லை. "உங்ககிட்ட பேசுறதுக்குச் செவுத்துக்கிட்ட பேசலாம், அதுவாவது எதிரொலிக்கும்" என்பாள் மனைவி. இப்போது என் மௌனத்துக்கான பழியை நெட்வொர்க் ஏற்றுக்கொண்டது.)

3

புகார் வந்த இரண்டாம் நாள் ஞாயிறு.

"இன்னும் ஆறு மாசம் இருக்க முடியுமான்னு கேக்குறாங்க. நான் கிளம்பிட்டா இங்க பிரசவம் பாக்க ஒரே ஒருத்திதான். அங்க எல்லாம் சரியா இருந்தா இருக்கேன். இல்லன்னா அடுத்த மாசமே வந்துடுறேன். உண்மையைச் சொல்லுங்க."

நான்கு எண்ணினேன். எட்டு. பன்னிரண்டு.

"ஹலோ? லைன் போயிடுச்சா?"

லைன் போகவில்லை.

"சரி, அடுத்த வாரம் சொல்லுங்க. அதுக்கு மறுநாள் திங்கக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

4

கதைக்கு ஒரு முடிவு: 'எல்லாம் சரியா இருக்கு, நீ இரு' என்று நான் சொல்கிறேன். பெரிய மனசுக்காரக் கணவன். வாசிக்க நன்றாக இருந்தது, ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. பொய் என்பதைத் தவிர.

இன்னொன்று: ஆசிரியை சொன்னதைச் சொல்கிறேன், அவள் பெட்டியைக் கட்டுகிறாள். அங்கே மிஞ்சும் அந்த இன்னொரு செவிலியையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்த முடிவை எழுதும்போதெல்லாம் அந்தச் செவிலி கை கழுவியபடியே என்னைத் திரும்பிப் பார்க்கிறாள்.

மூன்றாவதை மகளிடம் கேட்டேன். "அம்மா இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வரட்டுமா?"

விரல்கள் மடங்கின.

"நான் பக்கத்துலதானே இருக்கேன்? எதுக்குடா எண்ணுற?"

மறுபடி நான்கு விரல். பிறகு சொன்னாள்:

"நீ மட்டும் அன்னைக்கு அம்மாகிட்ட பன்னெண்டு எண்ணுன. நான் பாத்தேன். அது கள்ளாட்டம்."

இந்த இடத்தில் ஒரு விளக்கம் எழுத நினைத்து—

வேண்டாம்.

5

இன்று ஞாயிறு. மணி நான்கு.

"சொல்லுங்க," என்றாள்.

நான்கே நான்கு விரல் மடக்கினேன். "இங்க எல்லாம் சரியா இல்ல. ரொம்ப மோசமும் இல்ல. நடக்குறதைச் சொல்றேன். கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு."

ஆசிரியை, விரல்கள், பன்னிரண்டு வரை போன என் எண்ணிக்கை எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரே மூச்சில் நான் இவ்வளவு பேசியதில்லை. "அவ்வளவுதான்," என்று முடித்தேன்.

என் குரல் அவளிடம் போய்க்கொண்டிருக்கிறது. மகள் என் முழங்கால் மேல் கையை வைத்து எண்ணுகிறாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது விரல் நிமிர்ந்தே இருக்கிறது. அதை நீங்கள் மடக்குங்கள். மனைவி என்ன சொல்கிறாள் என்று உங்களுக்குக் கேட்கும்.

நாலுக்கு மேல் மட்டும் எண்ணிவிடாதீர்கள். இங்கே ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.