மூன்று டிகிரி கோணல்

என் கணவருக்குக் கோணல் என்றால் ஆகாது. கதவு, ஜன்னல் மாட்டுவது அவர் தொழில். கூட வேலை செய்கிறவர்கள், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவருக்கு வைத்திருக்கிறார்கள்: 'ரசமட்டம்'. யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். என் தங்கை கல்யாணத்தில், மேடையேறி மாப்பிள்ளையின் டையை நேராக்கினார். அந்த மாப்பிள்ளை இன்றுவரை இவரிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. இப்படிப்பட்ட மனிதரோடு இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியாகிவிட்டது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பகலெல்லாம் கடுகளவு ஸ்க்ரூக்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாதிரி விமானத்தோடு மல்லுக்கட்டுவேன். பைத்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் கிளப்பில் தனியாக விமானம் பறக்கவிட அனுமதி வேண்டுமென்றால் ஒரு பரீட்சை உண்டு. ஓடுபாதையில் நேராக ஓடவிட்டு, மேலே கிளப்பி, மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, பத்திரமாக இறக்க வேண்டும். மூன்று முறை கோட்டைவிட்டால் ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. நான் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தேன்.

இரண்டு தடவையும் ஒரே கதை. முழு வேகம் கொடுத்ததும் விமானம் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வேலியில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது. முந்தின நாள்வரை சமர்த்தாகப் பறந்த அதே விமானம்!

"விமானத்துல கோளாறு இல்லம்மா, உங்க கையிலதான்" என்றார் கிளப் செயலாளர். "பரீட்சைன்னா உங்களுக்குக் கை ஆடுது."

இரண்டாவது தடவை வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் கடையில் லென்ஸைப் பிடிக்கும்போதுகூட என் விரல்களை நானே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன். பிழைப்பே அந்த விரல்களில்தான் இருக்கிறது.

இருந்தாலும் விடவில்லை. உடைந்த மூக்கை ஒட்டி, மின்மோட்டாரை மூன்றாம் முறையாகப் பொருத்தினேன். மூக்கிலிருக்கும் பலகையில் நாலு ஸ்க்ரூ போட்டு அதை இறுக்க வேண்டும். ஆனால் நேராக இறுக்கக் கூடாது. விசிறி சுற்றுகிற வேகத்துக்கு விமானம் இடது பக்கம் இழுக்கும். அதை ஈடுகட்ட, மோட்டார் மூன்று டிகிரி வலது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அதற்காக இடப்பக்க ஸ்க்ரூ இரண்டுக்கும் மோட்டாருக்கு அடியில் ஆளுக்கொரு புது வாஷர் கொடுத்தேன்; பழையவை வேலியில் மோதியபோது தெறித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். நாலு நாள் பறக்கவிட்டுப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி போனது.

பரீட்சை நாள் காலையில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வெளியே வந்தேன். என் கணவர் மேஜைமேல் விமானத்தை வைத்துக்கொண்டு, மோட்டாரின் கடைசி ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில், செங்கோணம் பார்க்கும் அவருடைய மூலைமட்டம். வாயில் ஒரு பாட்டு வேறு.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. மோட்டார் கோணலா உக்காந்திருந்துச்சு. நேராக்கிட்டேன்."

"யாரு உங்கள அதத் தொடச் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? ஒவ்வொரு தடவையும் நீ குளிக்கிறப்ப நாந்தானே பாத்து நேராக்கி அனுப்புறேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்ன? நாலு பேர் பாக்குற எடம். கதவு மாட்டுறவன் பொண்டாட்டிக்கு ஒரு மோட்டார ஒழுங்கா மாட்டத் தெரியலன்னு சொல்ல மாட்டாங்க?"

"ஐயோ, அது நானே வேணும்னே வெச்ச கோணலுங்க! அது இல்லன்னா இடது பக்கம் இழுக்கும்!"

அவர் திருதிருவென்று விழித்தார். "அப்ப ரெண்டு தடவையும் வேலியில போய் விழுந்தது..."

"உங்க புண்ணியம்! உள்ள உக்காந்து அழுதேனே, குளியலறைக்கு வெளியதான நின்னீங்க? அப்பவாவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"நல்லது செஞ்சத எதுக்குச் சொல்லிக் காட்டணும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அந்தக் கதவும் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. அதப் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

எதையாவது தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. கைக்கு அகப்பட்டது மூலைமட்டம். அது வளைந்தால் ஆறு மாதம் அதைப் பற்றியே கேட்க வேண்டியிருக்கும் என்பதால் கீழே வைத்துவிட்டேன்.

"வாஷர் எங்க?"

தன் தகர டப்பாவைக் காட்டினார். அதற்குள் நூற்றுக்கணக்கில் வாஷர்கள். கிளம்ப இன்னும் இருபது நிமிஷம்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் டப்பாவுக்குள் கையை விட்டு, கண்ணை மூடி, விரலால் தடவித் தடவி இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கடையிலிருந்து கொண்டுவந்த, லென்ஸ் தடிமன் அளக்கும் கருவியில் பிடித்துப் பார்த்தேன். என் வாஷர்களேதான். இந்த மனுஷனை என்னதான் செய்வது?

"மாட்டுங்க" என்றேன். "உங்க கையாலயே கோணலாக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினார். "பாக்கவே சகிக்கல" என்றார்.

"சகிச்சுக்கோங்க. நான் உங்கள சகிச்சுக்கல?"

வண்டியில் போகும்போது திட்ட வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்துக்கொண்டே வந்தேன்.

மைதானத்தில் அவர் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் ரிமோட்டைப் பிடித்தேன். கட்டைவிரல் ஈரமாக இருந்தது. முழு வேகம் கொடுத்தேன். விமானம் இடது பக்கம் போகவில்லை. நேராக ஓடி, நேராக எழும்பியது. இரண்டு சுற்று. இறங்கும்போது ஒரு சின்னக் குதி குதித்தது, அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இன்னைக்குக் கை ஆடலையே!" என்று செயலாளர் தாளை எடுத்து, 'மூன்றாம் முயற்சியில் தேர்ச்சி' என்று எழுதினார்.

என் கணவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் தன் வேலையில் ஒரு தப்பு என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

"சார், அத அடிச்சுட்டு முதல் முயற்சின்னு போடுங்க" என்றார்.

"அது எப்படிங்க?"

"முந்தின ரெண்டு தடவையும் அவளுக்குத் தெரியாம மோட்டாரக் கழட்டித் தப்பா மாட்டினது நானு. அவ கை எப்பவும் ஆடினதில்ல சார். தோத்தது நாந்தான்."

சேர்த்துவைத்திருந்த திட்டெல்லாம் எனக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு 'மூன்றாம்' என்பதை அடித்து மேலே 'முதல்' என்று எழுதினார். அடித்த கோடு கோணல்மாணலாக இருந்தது. என் கணவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.