ஒட்டுக் கத்தி

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவுடன் வேட்டியைக்கூட மாற்றாமல், சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்துத் தன் கத்திகளை ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து அடுக்குவது ஸ்டீவனின் வழக்கம். அன்றும் ஒரு பேனாக் கத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் இடுக்கில் இருந்த அழுக்கைத் தீக்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. கத்தியும் கையுமாகவே எழுந்து போனார். கட்டம் போட்ட சட்டை அணிந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துணியில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்தபடி நின்றார்.

"பிரின்சி மேடம் வீடு இதுதானே சார்?"

ஸ்டீவன் தன் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். வந்தவரும் அதைப் பார்த்தார். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இதுதான். வாங்க" என்றார் ஸ்டீவன்.

வந்தவர் பெயர் ஆரோக்கிய பிரபு. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். காரில் அவருடைய அம்மா இருப்பதாகவும், முட்டுவலியால் படியேற மாட்டார்கள் என்றும் சொன்னார். பழைய கத்தி சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம், ஸ்டீவனின் மனைவி பிரின்சியைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டாராம். அந்தக் குழுவைத் தொடங்கிய நான்கைந்து பேரில் ஸ்டீவனும் ஒருவர். அது வந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று ஸ்டீவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டதால் உறுத்தல் ஒன்றும் குறையவில்லை.

போடி பஜாரில் அப்பா விட்டுப்போன மோட்டார் பம்ப் கடையை நடத்துகிறவர் ஸ்டீவன். குமுளியில் ஒரு பழைய ஓட்டலை விற்றபோது கரண்டிகளோடு கிடந்த சின்ன மடக்குக் கத்தி ஒன்று அவர் கைக்கு வந்தது. அலகின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு கிரீடமும் இரண்டு எழுத்துகளும் இருந்தன. அந்த எழுத்துகள் என்ன என்று தேடப் போய்த்தான் இந்தக் கிறுக்குப் பிடித்தது. வி ஆர் என்றால் விக்டோரியா ராணி காலம், ஜி ஆர் என்றால் ஜார்ஜ் அரசர்கள் காலம் என்று படித்தார். இங்கிலாந்து என்று பொறிக்கப்படாததை மட்டும் வைத்து ஒரு கத்தியை மிகப் பழசு என்று சொல்லிவிடக் கூடாது, சில நாடுகளுக்கு விற்றதில்தான் அந்தப் பெயர் கட்டாயம், அதனால் எந்த நாட்டுக்குச் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளவே வருடங்கள் பிடித்தன. சாணை பிடித்துப் பிடித்து அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஆணிகள் பழையவையா, கைப்பிடி எலும்பா பிளாஸ்டிக்கா, எல்லாம் பார்ப்பார். மேகமலை, வண்டிப்பெரியாறு எஸ்டேட் பங்களாக்களில் துரைமார் விட்டுச்சென்ற சாமான்கள் எங்கே விலைக்கு வந்தாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த நாட்களிலெல்லாம் பிரின்சி அந்த மேசையைக் காலி செய்து தரச் சொல்லிச் சண்டைதான் போட்டிருக்கிறாள்.

போன வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் தேவாரம் ரோட்டில் வண்டி சறுக்கி ஸ்டீவனின் கால் முறிந்தது. அதே வாரம் சின்னமனூரில் ஒரு எஸ்டேட் குடும்பத்தின் வீட்டுச் சாமான்கள் விலைக்கு வந்தன. வேறு வழியில்லாமல் பிரின்சியை அனுப்பினார். முத்துச்சிப்பி பதித்த கத்தி ஒன்று இருக்கும், அதை மட்டும் எடுத்து வா என்று படம் காட்டிச் சொல்லி அனுப்பினார். அவள் திரும்பி வந்து பையிலிருந்து எடுத்தது கறுப்பு மரப்பிடி போட்ட, கறை படிந்த வேறொரு கத்தி.

"சிப்பி வச்சது திறக்கையில சொதசொதன்னு வந்துச்சுங்க. இது பாருங்க, பாதியில ஒரு தடவ நிக்குது, முழுசாத் திறந்ததும் இன்னொரு தடவ நிக்குது. ரெண்டு சத்தமும் ஒரே மாதிரி சுத்தமா இருக்கு."

அவள் சபையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவள். கத்தியையும் அப்படித்தான் கேட்டாளோ என்னவோ. ஸ்டீவன் அன்று கோபத்தில் சாப்பிடவில்லை. மறுநாள் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, அந்த அலகு ஒருமுறைகூடச் சாணை பார்க்காதது என்று தெரிந்தது. செய்த நாளில் இருந்த அகலம் அப்படியே இருந்தது. அவர் இதுவரை எடுத்த எந்தக் கத்தியும் அதன் பக்கத்தில் நிற்காது. படத்தைக் குழுவில் போட்டதும், பல வருடமாக அவர் செய்திகளுக்குப் பதிலே போடாத கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போன் செய்து, யார் எடுத்தது என்று கேட்டார். "என் மனைவி" என்றார் ஸ்டீவன். அன்றைக்குப் பெருமையாகத்தான் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. பிரின்சியைக் குழுவில் சேர்த்தார்கள். யாராவது கத்தியின் படம் போட்டால், திறந்து மூடும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு அனுப்பினார்கள். ஸ்பிரிங் மாற்றியது, ஆணி தளர்ந்தது எல்லாவற்றையும் சத்தத்திலேயே சொன்னாள். முத்திரை, வருடம் முதலியவற்றை ஸ்டீவன் வாங்கி வைத்த புத்தகங்களிலிருந்தே படித்துக்கொண்டாள். அவர் பத்து வருடத்தில் மெல்ல மெல்ல ஏறிய இடத்துக்கு அவள் பேசிக்கொண்டே நடந்து வந்துவிட்டதுபோல் இருந்தது. அவளுடைய பதில்களை இரண்டு முறை படிக்க ஆரம்பித்தார். முதல் முறை விஷயத்துக்காக, இரண்டாம் முறை தப்பு கிடைக்குமா என்று. அவள் குளிக்கப் போயிருக்கும்போது தன் கத்திகளைக் காதோரம் வைத்துத் திறந்து திறந்து கேட்டிருக்கிறார். எல்லாம் 'டக்' என்றுதான் கேட்டது. எல்லாவற்றிலும் அதே 'டக்'.

ஆரோக்கிய பிரபு துணியைப் பிரித்து மேசையில் வைத்தது பெரிய மடக்கு வேட்டைக் கத்தி. எலும்புக் கைப்பிடி, பழுப்பேறி தேன் நிறத்துக்கு வந்திருந்தது. பிரின்சி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டீவன் விரித்து வைத்திருந்த கத்திகளைத் துண்டோடு சேர்த்து ஓரமாக நகர்த்தினாள். நகர்த்திய விதத்தில் ஒன்றும் தவறில்லை. சாம்பார் சட்டி வைக்க இடம் ஒதுக்குவதுபோல் இயல்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"ஏங்க, அவுகளுக்குக் கொஞ்சம் டீ போடுறீகளா? கார்ல இருக்கிற அம்மாவுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை டீ எப்போதும் அவர்தான் போடுவார். அன்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது தன் வீட்டிலேயே தன்னை வேலைக்கு வைத்திருப்பதாகத் தோன்றியது. மேசைப் பக்கமிருந்து கத்தி திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு மூடும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். காருக்கு டம்ளரை எடுத்துப் போனார். லூர்து மேரி அம்மாள் கதவைத் திறந்து காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புள்ள பாத்துச் சொல்லீருச்சா தம்பி?" என்று கேட்டார். ஸ்டீவன், பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார்.

உள்ளே வந்தபோது பிரின்சி லென்ஸிலிருந்து கண்ணை எடுத்திருந்தாள்.

"பிளேடு விக்டோரியா ராணி காலத்துதுதான். முத்திரை நல்லாத் தெரியுது. நல்ல இரும்பு."

ஆரோக்கிய பிரபுவின் முகம் மலர்ந்துவிட்டது. கொச்சியில் ஒருவர் கேட்கிறார், அந்தக் காலத்துக் கத்தி என்று மேடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருக்கிறார் என்றார். பிரின்சி கத்தியை ஸ்டீவனிடம் நீட்டினாள்.

"நீங்க ஒருக்கா பாருங்க."

வாங்கியவுடனேயே ஸ்டீவனுக்குத் தெரிந்துவிட்டது. மடக்கும்போது அலகு தேவைக்கு அதிகமாக உள்ளே இறங்கியது. நகத்தை வைத்து இழுத்துத் திறப்பதற்காக அலகில் வெட்டியிருக்கும் குழி பாதி கைப்பிடிக்குள் மறைந்துகொண்டது. எந்தத் தொழிற்சாலையும் நகம் நுழையாத இடத்தில் நகக்குழி வெட்டாது. கட்டைவிரலை அலகு சுழலும் இடத்து ஆணி மேல் வைத்தார். மற்ற ஆணிகள் கைப்பிடியோடு சேர்ந்து தேய்ந்து வழவழவென்றிருக்க, இது மட்டும் சற்றே மேடாக விரலில் தட்டுப்பட்டது. இது ஒட்டு. மாங்கன்றில் ஒட்டுப் போடுவதுபோல ஒரு கத்தியின் அலகை இன்னொரு கத்தியின் உடலில் மாட்டியது. சேகரிப்பவர்கள் இதற்குப் பாதி விலைகூடத் தரமாட்டார்கள். சத்தத்தைக் கேட்டே எல்லாம் சொல்லுகிறவள், முத்திரையைப் பார்த்து ஏமாந்துவிட்டாள்.

அவருடைய நெஞ்சுக்குள் சில்லென்று ஏதோ இறங்கியது. ஆரோக்கிய பிரபு இதைக் கொச்சிக்குக் கொண்டுபோவார். அங்கே யாராவது விவரமானவர் பார்ப்பார். குழுவில் வரும். எல்லாரும் படிப்பார்கள்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரின்சி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு, "அம்மாவ ஒருக்கா பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து ஆரோக்கிய பிரபுவோடு வாசலுக்குப் போனாள். ஸ்டீவன் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து பேசினாள். லூர்து மேரி அம்மாள் கையை உயர்த்தி ஏதோ சொன்னார், ஒடிப்பதுபோல் காட்டினார், பிறகு பிரின்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பேசினார்கள். பேசட்டும் என்று நினைத்தார். அன்று மதியம் கோழிக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். அவள் குழம்புக் கரண்டியோடு நின்று, "எப்பவும் வைக்கிறதுதான்" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் ஒரு விவசாயியிடம் பம்ப்புக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது குழுவில் ஆரோக்கிய பிரபுவின் குரல் பதிவு வந்தது. வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க கத்திய பிரின்சி மேடம் பாத்தாக. பிளேடு மட்டுந்தான் விக்டோரியா காலம், பாடி பின்னாடி வந்தது, இது ஒட்டுன்னு கார்கிட்ட வந்து சொன்னாக. எனக்கு மனசு விட்டுப்போச்சு. அவுக நேரா எங்கம்மாட்ட, இது எப்பவாச்சும் ஒடஞ்சுச்சாம்மான்னு கேட்டாக. அம்மாவுக்கு அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. எங்க தாத்தா பங்கிராஸ் வண்டிப்பெரியாத்துல ஒரு தொரைகூட வேட்டைக்குப் போனவரு. பன்னி பாஞ்சதுல தாத்தா கத்தி ஒடஞ்சுபோச்சு. தொரை தன்னோட கத்தியில இருந்த பிளேட கழட்டிக் குடுத்துருக்காரு, தாத்தா அதக் கம்பத்துல ஒரு கொல்லர்கிட்டக் குடுத்துத் தன் கத்தியில மாட்டிக்கிட்டாரு. அம்மா சின்னப் புள்ளையில பாத்தது. இத்தன வருசமா எங்ககிட்ட சொன்னதே இல்ல. கேட்டாத்தானே சொல்லுவாக. கொச்சிக்காரரு ஒட்டுன்னா வேணாம்னுட்டாரு. எங்களுக்கும் இப்ப குடுக்க மனசில்ல. மேடத்துக்கு நன்றி."

விவசாயி ஏதோ கேட்டார். ஸ்டீவன் தவறான பம்ப்பின் விலையைச் சொன்னார்.

பிரின்சி அன்று சொன்னது அப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது. பிளேடு விக்டோரியா காலத்துதுதான். கத்தி என்று அவள் சொல்லவேயில்லை. அவளுடைய காதைப் பார்த்து இத்தனை நாள் பொறாமைப்பட்டவர், பக்கத்தில் நின்று பேசிய ஒரு வாக்கியத்தைக் கேட்காமல் விட்டிருக்கிறார்.

மதியம் வீட்டுக்குப் போனபோது பிரின்சி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கைகழுவி உட்கார்ந்தார். அவள் தலை நிமிராமலே பேசினாள்.

"அன்னைக்குக் கத்திய உங்க கையில ஏன் குடுத்தேன்னு தெரியுமா?"

"ஏன்?"

"அவுக என்னையத் தேடி வந்தது உங்களுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரியும். ஒட்டுங்கிறத நீங்க சொல்லட்டும்னு நெனச்சேன். சொல்லீருந்தா பெறகு அவுக உங்ககிட்டயே பேசீருப்பாக."

ஸ்டீவன் தண்ணீர் குடித்தார்.

"நான் அதக் கவனிக்கல" என்றார்.

மொச்சை உரிக்கும் கை நின்றது.

"உங்க கட்டவெரலு அந்த ஆணி மேலயே நின்னுச்சுங்க. நான் பாத்தேன்."

அவர் மறுபடியும், "கவனிக்கல பிரின்சி" என்றார். இந்த முறை குரல் சற்று உரக்க வந்துவிட்டது.

"சரி" என்றாள் அவள். தோலையும் மொச்சையையும் தனித்தனியாக அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். சோறு போட்டாள், ரசம் வேண்டுமா என்று கேட்டாள், கடைப் பையன்களுக்குத் தீபாவளித் துணி எடுப்பது பற்றிப் பேசினாள். எதிலும் குறையில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அவரும் போட்டிருக்கலாம். அந்த 'சரி'யை என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவர் துண்டை விரித்து உட்கார்ந்தபோது, மேசையைக் காலி செய்யச் சொல்லி அவள் கேட்கவில்லை. தட்டுகளைக் கூடத்தில் தரையில் கொண்டுபோய் வைத்தாள்.

பெட்டியில் இன்னும் பழைய சாமான்கள் இருக்கின்றன, வந்து பார்க்க வேண்டும் என்று லூர்து மேரி அம்மாள் பிரின்சிக்குப் போன் செய்தார். சனிக்கிழமை கம்பத்துக்குப் போவதாக முடிவாயிற்று. "நீங்களும் வாங்களேன்" என்று பிரின்சி கூப்பிட்டாள். கடையில் ஆளில்லை என்றார் ஸ்டீவன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் போடி பஸ் ஸ்டாண்டில் விட்டார்.

கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவளுக்கு. போய்விடலாம் என்று நினைத்தும் அவர் வண்டியை உதைக்காமல் நின்றார். பக்கத்து இருக்கையில் கொய்யாப்பழக் கூடையோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அந்தப் பெண் ஒரு பழத்தை எடுத்துக் கொடுக்க, பிரின்சி மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள்.

அவள் வெளியே எடுத்தது ஒரு சின்ன மடக்குக் கத்தி. பச்சையா நீலமா என்று தெரியாத நிறத்தில் கைப்பிடி. மேசையில் விரிக்கும் துண்டில் அப்படி ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. எப்போது வாங்கினாள், எங்கே வாங்கினாள், யார் கொடுத்தது. அலகைத் திறந்து பழத்தை இரண்டாக வெட்டி, பாதியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். ஸ்டீவன் வண்டியை விட்டு இறங்கி ஜன்னலை நோக்கி நடந்தார். முத்திரை எந்தப் பக்கம் இருக்கிறது, ஆணி பித்தளையா என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வளைந்து திரும்பியபோது வெயில் அந்த அலகில் பட்டு அவர் கண்ணில் அடித்தது. அதன் பிறகு ஜன்னலில் அவளுடைய கை மட்டும், பழத்தின் மீதிப் பாதியோடு தெரிந்தது.