தட்டினால் விடணும்

மூன்றாவது மாடிக்குப் போக வேண்டிய ஃபிரிட்ஜ் அது. இரட்டைக் கதவு. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். லாரி தன் சுமைப்பட்டையைத் தோளில் மாட்டி, ஃபிரிட்ஜை முதுகில் ஏற்றி, ஒரு கையால் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். லாரி என்பது கிடங்கில் வைத்த பெயர். நூற்றுப் பதினைந்து கிலோ ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பின்னாலிருந்து தாங்கி வந்தவன் கையை விட அறிவுரையைத்தான் அதிகம் கொடுத்தான்.

ஃபிரிட்ஜை இறக்கி வைத்ததும் வீட்டுக்காரர் அவனை உற்றுப் பார்த்தார். தெருமுனைச் சுவரொட்டியில் இருப்பது இவன்தானா என்று கேட்டார். ஆமாம் என்றான். அவர் அவனுடைய முகத்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் பார்த்தார். கசாப்புக் கடைக்குப் போகிற ஆட்டைப் பார்க்கிற பார்வை. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சுவரொட்டியில் எதிரே முறைத்துக்கொண்டிருந்தவன் உடும்பு. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையில் கனத்த உடம்புக்காரர்கள் பிரிவே அவன் பெயரைக் கேட்டால் ஒதுங்கியது. ஒரு கை சிக்கினால் போதும், உடும்புப் பிடிதான். சண்டையில் வலி தாங்க முடியாதவன் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டுவான். தட்டினால் தோற்றேன் என்று அர்த்தம், பிடித்தவன் விட்டுவிட வேண்டும். உடும்பு விடமாட்டான். நடுவர் வந்து பிரித்து எடுக்கிற வரை இன்னும் கொஞ்சம் முறுக்குவான்.

போன வருடம் அவனிடம் சிக்கியது லாரியின் மச்சான். மச்சானும் கிடங்கில் சுமை தூக்குகிறவன்தான். இருவரும் ஒரே பட்டையில் பாரம் பிடித்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவன் தங்கையை லாரி கட்டினான். அன்றைக்கு மச்சான் இடது கையால் தரையை அறைந்ததை முன்வரிசையில் இருந்த லாரி பார்த்தான். அடுத்த நொடி வலது முழங்கை விட்ட சத்தத்தையும் கேட்டான். நடுவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். தட்டியதைத் தான் பார்க்கவில்லை என்றார். போட்டி நடத்துகிற முதலாளி ஒரே போடாகப் போட்டார்: தட்டாமல் வீம்பு பிடித்தவன் கை உடைந்தால் அது அவன் பாடு. வைத்தியச் செலவுக்கு அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். எலும்பு கூடியது, கை நிமிரவில்லை. கிடங்கில் மச்சானைப் பாரம் தூக்குவதிலிருந்து எடுத்து, பாதிச் சம்பளத்தில் கேட்டில் உட்கார வைத்தார்கள். கை உடைந்ததை விட, தட்டவே இல்லை என்று சொன்னதுதான் அவனை அரித்தது. தட்டினேன், தட்டினேன் என்று தூக்கத்தில்கூடப் புலம்புவான்.

ஆகவே உடும்போடு மோத ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி வலை வீசியபோது, லாரி தானே போய்க் கேட்டான். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

வீட்டில் அந்தச் சேதி அப்படி இறங்கவில்லை. மனைவி சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி தேய்த்துவிட்டு வருகிறவள். கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏற்கெனவே வீட்ல ஒன்றரைக் கை ஆளு ஒருத்தர் இருக்காரு. நீங்களும் உடைச்சுக்கிட்டு வந்தா ரெண்டு பேருக்கும் நான்தான் ஊட்டணும். எனக்கு இருக்கிறது ரெண்டே கை."

மச்சான் சிரித்தான். லாரி சிரிக்கவில்லை.

"எனக்குப் பட்டமெல்லாம் வேணாம். அவன் தட்டணும். அத்தனை பேர் பார்க்கத் தட்டணும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தான். இன்னும் அது பழகாமல் பருக்கைகள் தரையெல்லாம் சிந்தின. இன்னொரு கரண்டி சோற்றை லாரியின் தட்டில் போட்டு, "அப்ப நல்லா சாப்பிடுங்க" என்றாள்.

பயிற்சி, மூடிப்போன ஒரு மெக்கானிக் ஷெட்டில். தரையில் எண்ணெய்க் கறை, அதன்மேல் பழைய பாய்மெத்தைகள். அங்கே வருகிற மற்றவர்கள் எல்லாம் லாரியின் ஒரு தொடைக்குக் காண மாட்டார்கள். அவன் எடைக்கு ஈடு கொடுக்க மச்சானை விட்டால் ஆளில்லை. உடும்பின் பிடியை உள்ளே இருந்து பார்த்தவனும் அவன்தான். எங்கே இடுப்பைத் திருப்புவான், எந்த முழங்காலால் அழுத்துவான் என்று ஒன்று விடாமல் செய்து காட்டினான். லாரி இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று கோத்து, முதுகு கொடுத்து, ஃபிரிட்ஜைத் தூக்குவதுபோல மச்சானைத் தூக்கி எழுந்து பிடியை உடைத்தான். அது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பிறகு லாரி பிடிக்கிற முறை. மச்சான் வலது கையையே நீட்டினான். லாரி தயங்கினான்.

"இந்தக் கையைத்தானே அவன் உடைச்சான்? இந்தக் கையிலேயே பழகு மாப்ள."

அந்தக் கையில் எப்படி முறுக்குவது? மச்சானின் விரல் மேலே பட்டாலே லாரியின் பிடி தானாகத் தளர்ந்துவிடும். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் ஒவ்வொரு நாளும் கத்தினார். தட்டினாலும் நடுவர் வந்து தொடுகிற வரை விடக்கூடாது, கூண்டுக்குள் இருக்கப் போவது மச்சானின் கை இல்லை என்றார். லாரி சரி சரி என்று தலையாட்டினான். வாய்தான் சரி என்றது. கை கேட்கவில்லை.

போட்டியன்று கூண்டுக்குப் போகுமுன் முதலாளி அறைக்கு வந்தார். லாரியின் கையில் மாஸ்டர் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். மச்சான் வாளியும் துண்டுமாக நின்றான். முதலாளி லாரியின் தோளில் கை போட்டு, உடும்புக்கு வெளிநாட்டில் பெரிய போட்டி காத்திருக்கிறது, இன்று அவன் ஜெயித்தால் எல்லோருக்கும் நல்லது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். இரண்டு ரவுண்டு நின்று காட்டினால் போதுமாம். மூன்றாவதில் கை சிக்கியதும் தட்டிவிட்டால் அடுத்த போட்டிக்கும் கூப்பிடுவாராம்.

"நான் தட்டினா அவன் விடுவானா?" என்று லாரி கேட்டான்.

"நடுவர் இருக்காருல்ல."

"போன தடவையும் இருந்தாரு" என்றான் மச்சான்.

முதலாளி அப்போதுதான் அவன் கையைக் கவனித்தார். தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முதல் ரவுண்டில் லாரியின் மூக்கு உடைந்தது. உடும்பு குத்துவதிலும் சளைத்தவன் இல்லை. இரண்டாவது ரவுண்டில் அவன் லாரியின் கையைப் பிடித்துவிட்டான். கூட்டம் எழுந்து நின்றது. சலவைக் கடையிலிருந்து நேரே வந்திருந்த மனைவி மட்டும் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். லாரி கைகளைக் கோத்தான். ஒரு முழங்காலை ஊன்றினான். ஊரில் எத்தனை மாடிப்படிகள் உண்டோ அத்தனையும் அவன் முதுகுக்குத் தெரியும். உடும்பை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்து தரையில் போட்டான். கூண்டுக் கம்பி அதிர்ந்தது. மனைவி கண்ணைத் திறந்து பார்த்து, அதன்பிறகு மூடவே இல்லை.

மூன்றாவது ரவுண்டு முடிய இருந்த நேரத்தில் உடும்பின் வலது கை லாரியிடம் சிக்கியது. மச்சான் சொல்லிக்கொடுத்தபடியே இடுப்பைத் திருப்பினான். முழங்கை மெல்ல மெல்ல எதிர்த்திசையில் வளைந்தது. உடும்பின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவனுடைய இடது கை லாரியின் விலாவில் இரண்டு முறை தட்டியது.

லாரியின் கை விட்டுவிட்டது.

அவன் எழுந்து மண்டியிட்டு நடுவரைப் பார்த்தான். நடுவர் உடும்பின் முதுகுப்பக்கம் நின்றிருந்தார். அவர் தலையை ஆட்டி, ஆடு ஆடு என்று கை காட்டினார். லாரி திரும்புவதற்குள் உடும்பின் உதை தாடையில் விழுந்தது. அதற்குப் பிறகு மணி அடிக்கிற வரை லாரி நின்றான், அவ்வளவுதான். ஆனால் விழவில்லை. உடும்பு ஒற்றைக் கையால்தான் குத்தினான்.

மாஸ்டர் கூண்டுக்குள் ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார். ஏன்டா விட்டே என்றார். லாரி வாயிலிருந்த ரத்தத்தைத் துண்டில் துப்பினான்.

"தட்டினான். விட்டேன்."

"யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்" என்றான் கம்பிக்கு வெளியே நின்ற மச்சான். "மாப்ள, அவன் தட்டினதை நான் என் கண்ணால பார்த்தேன்." போன வருடத்திலிருந்து யாரும் அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. நடுவரிடமும் தீர்ப்பு மேசையிலும் அவன் அதையே போய்ச் சொன்னான். அவர்கள் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

நடுவர் இருவரையும் இரண்டு பக்கமும் நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் கேட்டது. புள்ளிக் கணக்கில் வெற்றி உடும்புக்கு என்றார். பெயர் முடிவதற்குள் லாரி நடுவரின் பிடியை உதறிவிட்டு, தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நேராக நீட்டினான். வெளியே மச்சானும் தூக்கினான், ஒன்றரைக் கையும் போகிற மட்டும். முன்வரிசையிலிருந்து மனைவியின் விசில் கேட்டது. அவளுக்கு விசில் அடிக்க வரும் என்று லாரிக்கே அன்றுதான் தெரியும்.

"வாழ்க்கையில ஒரு தடவைகூடத் தட்டாத வீரர்!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. நடுவர் உடும்பின் வலது கையை உயர்த்தினார். அது நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்தார். உடும்பு பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தான். நடுவர் அந்தக் கையை மெதுவாகக் கீழே விட்டுவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றிப் போய், இந்தப் பக்கம் வந்து இடது கையைத் தூக்கிப் பிடித்தார்.